ரெண்டாவது ஆள்

பிரபாவதிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. கோலியனூருக்குக் கிழக்கே இருந்த அவர்கள் ஊரில் டிரான்ஸ்பார்மர் வைக்க வந்தவர்களையும் சரி, போர் போட நீரோட்டம் பார்க்க வந்தவரையும் சரி, மாட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரையும் சரி, அவள் சும்மா அனுப்பியதே இல்லை. "இதுக்குள்ள இன்னா ஊத்தி வெச்சிருக்கீங்க? எண்ணெயா? கரண்டுக்கு எதுக்கு எண்ணெய்?" என்று இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவாள். அவள் புருஷன் பாண்டுரங்கனுக்கு அதில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை.

நாற்பது தாண்டிய வயதில் அவளுக்கு மூச்சு இறைக்க ஆரம்பித்தது. வரப்பில் நடந்தால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, இனி இளகாது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார். புறா வளர்த்தாயா, மில்லில் வேலை பார்த்தாயா, மக்கின வைக்கோலைப் பிரித்தாயா என்று விசாரித்தார்.

"வைக்கோல் பிரிக்காத பொம்பள எங்க ஊர்ல யாரு சார் இருக்கா?" என்றாள் பிரபாவதி. "அவங்களுக்கெல்லாம் வராம எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்து எழுதினார்.

இரண்டு வருஷத்தில் மூக்கில் குழாய் ஏறியது. தோளில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். மருந்து இனிமேல் கேட்காது, மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய நுரையீரலை எடுத்து வைத்தால்தான் உண்டு என்று சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். மாதம் ஒருமுறை அங்கே போய் வர வேண்டும். விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கும்.

அந்த ரயிலில்தான் ஞானமேரியைப் பார்த்தாள். திண்டிவனத்தில் கூட்டத்தோடு ஏறிய ஒரு பெண்ணின் மூக்கிலும் அதே பச்சைக் குழாய். பின்னால் அவள் புருஷன் அமலதாஸ் சிலிண்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரபாவதி பாண்டுரங்கனை எழுப்பிவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"உங்களுக்கு நிமிஷத்துக்கு எத்தினி லிட்டரு வெச்சிருக்காங்க?"

"நடந்தா நாலு. உனக்கு?"

"ரெண்டு. படி ஏறினா மூணு. எதனால வந்துச்சாம்?"

"ரைஸ் மில்லுல சாக்கு தெச்சிக்கினு இருந்தேன். தூசின்றாங்க. என் கூட தெச்சவ இப்பவும் தெச்சிக்கினுதான் இருக்கறா. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"அதத்தான் நானும் கேட்டேன்!" பிரபாவதிக்குத் தன்னுடைய கேள்வியையே இன்னொருத்தி வாயில் கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். "பிளட்டு இன்னா?"

"ஓ பாசிட்டிவ். சென்னைல அந்தப் பெரிய ஆஸ்பத்திரிலதான் லங்ஸுக்கு எழுதி வெச்சிருக்கறாங்க."

பிரபாவதி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எக்கா, எனக்கும் அதான். உசரமும் பாப்பாங்களாம், கொஞ்சம் எழுந்து நில்லுங்க."

ஓடுகிற ரயிலில் இரண்டு பேரும் முதுகோடு முதுகாக நின்றார்கள். அமலதாஸ் இரண்டு தலைமேலும் உள்ளங்கையைப் படிய வைத்துப் பார்த்து, "ஒரே உசரம்" என்றார். பாண்டுரங்கன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப வர்றது ஒண்ணுன்னா நாம ரெண்டு பேரும் அடிச்சிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஞானமேரி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பிரபாவதிக்கும் தொற்றிக்கொண்டது. மேல்மருவத்தூர் தாண்டித்தான் இரண்டு பேருக்கும் மூச்சு நிலைக்கு வந்தது.

அப்புறம் மாதா மாதம் சேர்ந்தே போனார்கள். ஞானமேரி வஞ்சிரக் கருவாடு வறுத்து எடுத்து வருவாள். பிரபாவதி தங்கள் நிலத்து மல்லாட்டையை, வேர்க்கடலைக்கு அவர்கள் பக்கத்தில் அதுதான் பெயர், வேக வைத்துக் கொண்டுபோவாள். ஒருத்தி பேசும்போது மற்றவள் மூச்சு வாங்குவாள். அப்படியே மாறி மாறிப் பேச்சு ஓடும். போனில் "எக்கா, இன்னிக்கி எத்தினி லிட்டரு?" என்பதுதான் முதல் விசாரிப்பு. ஞானமேரியினுடையது ஏறிக்கொண்டே போனது.

இதற்கிடையில் பாண்டுரங்கன் ஒரு வேலை செய்தான். கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் பிரபாவதியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட முடியுமா என்று பேசிப் பார்த்தான். அவரும் நான்கு பேருக்குப் போன் போட்டுவிட்டு, அது ஆகாதாம் என்று சொல்லிவிட்டார். விஷயம் பிரபாவதி காதுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏன் ஆகாது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட வரிசையில் காத்துக் கிடக்கும்போது, ஆள் பலம் உள்ளவன் வண்டி முன்னால் போவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். ஆகாது என்ற சொல்லை அவள் அதிகம் கேட்டதில்லை.

அடுத்த முறை போனபோது சித்ராவிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். உறுப்பு மாற்றுக்குக் காத்திருப்பவர்களை ஒருங்கிணைப்பது சித்ராவின் வேலை. எப்போதும் அவள் கழுத்தில் ஒரு போன், கையில் ஒரு போன் இருக்கும்.

"யாருக்கு மொதல்லன்னு எப்டி மேடம் முடிவு பண்றீங்க?"

"முதல்ல பிளட் குரூப் சேரணும் பிரபாவதிம்மா. அப்புறம் நெஞ்சுக்கூட்டு அளவு. பெரிய ஆளோட லங்ஸைச் சின்னக் கூட்டுக்குள்ள வைக்க முடியாது. எந்த ஆஸ்பத்திரிக்குங்கறதை அரசாங்கத்துல சொல்லுவாங்க. எங்களுக்கு வந்தா, இருக்கறவங்கள்ல யாருக்கு அவசரம்னு டாக்டருங்க எல்லாரும் உக்காந்து பார்ப்பாங்க."

"அவசரம்னா, சாகற மாதிரி இருக்கறவங்களுக்கு மொதல்ல?"

"ஆமா. ஆனா அது ரொம்ப முத்திப்போனாலும் குடுக்க முடியாது. ஆபரேஷனைத் தாங்க மாட்டாங்க. லங்ஸும் வீணாகும், ஆளும் போயிடுவாங்க."

பிரபாவதி யோசித்தாள். "அப்ப நல்லா இருந்தாலும் கெடையாது, ரொம்ப மோசமானாலும் கெடையாது. நடுவுல ஒரு எடம். அந்த எடத்துல எத்தினி நாளு நிக்கலாம்?"

சித்ரா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். "அது எனக்குத் தெரியாதும்மா. டாக்டருங்களுக்கும் தெரியாது."

"பெரிய எடத்துல இருந்து யாராவது சொன்னா மாத்துவீங்களா?"

"தப்பா கணக்குப் போட்டிருக்கலாம். நாங்களும் மனுஷங்கதானே. தெரிஞ்சு மாத்த மாட்டோம்."

திரும்பி வரும்போது ரயிலில் பாண்டுரங்கன், "எல்லாம் வாய்ல சொல்றதுதான். எவன் நம்பறது?" என்றான்.

"நான் நம்பறேன்" என்றாள் பிரபாவதி. "தெரியாதத தெரியாதுன்னு சொல்லிச்சு இல்ல, அந்தப் பொண்ணு."

பங்குனி பிறந்து மல்லாட்டை பிடுங்குகிற நாள் வந்தது. வெயில் காலையிலேயே கண்ணைக் கூச வைத்தது. முந்தின நாள் தண்ணி பாய்ச்சி இளக்கி வைத்திருந்த செம்மண்ணில் பெண்கள் வரிசையாகக் குனிந்து செடியைப் பிடுங்கி, மண்ணை உதறிப் போட்டுக்கொண்டே போனார்கள். பிரபாவதி தூசி படாத தூரத்தில், மோட்டார் கொட்டகை நிழலில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தாள். ஆட்களுக்குக் கேப்பைக் கூழ் கரைத்து வைத்தாயிற்று. உச்சி சாய்ந்ததும் பச்சை மல்லாட்டை கொஞ்சம் வேக வைத்து, உப்புப் பார்க்க ஒன்றை உரித்து வாயில் போட்டபோது போன் அடித்தது. சித்ரா.

"பிரபாவதிம்மா, கவனமாக் கேளுங்க. ஒரு டோனர் வந்திருக்காங்க. இதுல நீங்க ரெண்டாவது ஆளு. முதல் ஆளுக்குச் சரிவரலைன்னா உங்களுக்கு வைப்போம். ஒண்ணும் சாப்பிடாதீங்க. தண்ணி கூட வேணாம். உடனே கெளம்புங்க."

பிரபாவதி வாயிலிருந்ததைத் துப்பினாள். "சரிவரலன்னா எப்டி மேடம்?"

"அவங்களுக்குக் காய்ச்சல் இருக்கலாம். ரத்தம் ஒத்துக்காமப் போகலாம். நேரத்துக்கு வந்து சேராமப் போகலாம். வாங்கம்மா, இங்க பேசிக்கலாம்."

பாண்டுரங்கனின் அண்ணன் மகன் ஜெகதீசனிடம் கார் இருந்தது. கூப்பிட்ட கையோடு வந்துவிட்டான். பாண்டுரங்கன் செம்மண் காலைக்கூடக் கழுவாமல் முன்சீட்டில் ஏறினான். விழுப்புரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த மகள் அருணாவுக்குப் போகும்போதே போனில் சொன்னார்கள். அவள் அழுதுகொண்டே பத்து கேள்வி கேட்டாள்.

விக்கிரவாண்டி தாண்டினதும் மறுபடியும் போன். ஞானமேரி.

"பிரபா... வந்துடுச்சுடி. எனக்கு லங்ஸு வந்துடுச்சு. ஆஸ்பத்திரில கூப்புட்டாங்க." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் இழுப்பு. காருக்குள் எல்லாருக்கும் கேட்டது.

"கெளம்பிட்டீங்களாக்கா?"

"எங்க கெளம்பறது. எங்க கொழுந்தன் தேவசகாயம் வேனு செஞ்சி ரோட்ல பஞ்சராயி நிக்குது. வாடகைக்கு ஒரு காரு இல்ல. எல்லாம் மயிலம் உத்திரத்துக்கு ஓடுது. ஆம்புலன்சு விழுப்புரத்துல இருந்துதான் வரணுமாம். இவரு ரோட்ல நின்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் கைகாட்டிக்கினு இருக்கறாரு. ஒரே பேஜாரா இருக்குது. நீ சாமி கும்புடு எனக்கு."

"அக்கா, வைங்க. இதோ நானே கூப்புடறேன்."

பிரபாவதி போனை மடியில் வைத்தாள்.

"மொத ஆளு அவங்கதானா?" என்று பாண்டுரங்கன் திரும்பாமல் கேட்டான்.

"அவங்கதான்."

"ஜெகா, நீ பாட்டுக்கு ஓட்டு" என்றான் அவன். அப்புறம் குரலை இறக்கி, "நாம ஒண்ணும் பண்ணல பிரபா. அவங்களுக்கு வண்டி வரல. அது நம்ம தப்பா?" என்றான்.

"இல்லதான்."

"ஊருக்குள்ள பூந்து வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்குமே இல்லாம பூடும்."

"ஊருக்குள்ள போவ வேணாம். ஆட்டோ புடிச்சி மேம்பாலத்துக்குக் கீழ வந்து நிக்கச் சொல்றேன்."

"அருணாவ நெனச்சிப் பாத்தியா நீ?"

பிரபாவதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அவளத்தான் நெனச்சேன். எப்டிம்மா உனக்குக் கெடச்சுதுன்னு கேப்பா. ஞானமேரி பெரிம்மாவுக்கு இன்னா ஆச்சுன்னு கேப்பா. என் பொண்ணு தானே, கேக்காம இருப்பாளா? நான் இன்னான்னு சொல்றது?"

பாண்டுரங்கன் காலில் காய்ந்திருந்த செம்மண்ணைச் சுரண்டினான்.

"யாராவது சொன்னா மாத்துவீங்களான்னு அந்த சித்ரா பொண்ணுகிட்ட நான்தானே கேட்டேன். இப்ப நானே மாத்தறதா?"

கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிற கூட்டம் சாலையை அடைத்திருந்தது. மஞ்சள் துணி, காவடி, மோர்ப்பந்தல். வண்டி ஊர்ந்தது. ஜெகதீசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "சித்தப்பா, இன்னா செய்யட்டும்?"

பாண்டுரங்கன் வெளியே காவடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "சித்தி சொல்றத செய்."

திண்டிவனம் மேம்பாலத்தின் கீழே ஆட்டோவிலிருந்து ஞானமேரியை இறக்கி, கிட்டத்தட்டத் தூக்கியே காரில் உட்கார வைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அமலதாஸ் பையோடு அந்தப் பக்கம் ஏறினார். பிரபாவதி நடுவில். ஓங்கூர் டோல்கேட் வரும்வரை ஞானமேரியால் பேச முடியவில்லை. அப்புறம் பிரபாவதியின் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தாள்.

"நீ எங்கடி போயிக்கினு இருந்த?"

"செக்கப்புக்குக்கா."

"ஞாயித்துக்கெழமல இன்னா செக்கப்பு? ஏதாவது சாப்ட்டியா?"

"இல்ல."

"தண்ணி?"

"இல்லக்கா."

ஞானமேரி அவள் முகத்தையே பார்த்தாள். "ரெண்டாவது ஆளுன்னு ஒருத்தரையும் கூப்புட்டுருக்கோம்னாங்க. அது நீதானா?"

"ஆமாக்கா."

"நிறுத்தாம போயிருக்கலாம் நீ."

"போயிருக்கலாம்."

அமலதாஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஞானமேரி அவரைக் கவனிக்கவில்லை. "உன் எடத்துல இருந்திருந்தா நான் நிறுத்தி இருப்பேனான்னு தெரியலடி பிரபா."

"நானும் அதான் யோசிச்சிக்கினு வர்றேன். நெஜமா சொல்லுங்க. நிறுத்தி இருப்பீங்களா?"

ஞானமேரி நிஜமாகவே யோசித்தாள். அச்சிறுபாக்கம் மலை கடந்து போயிற்று. "தெரியல" என்றாள்.

அந்தப் பதில் பிரபாவதிக்குப் பிடித்திருந்தது. சிரித்தாள். ஞானமேரியும் சிரிக்கப் பார்த்தாள். அமலதாஸ், சிரிக்காதே என்று கையைப் பிடித்தார்.

"குடுக்கறவங்க யாரா இருக்கும்க்கா?"

"நம்ம உசரம்தான் இருக்கும். பொம்பளயாத்தான் இருக்கணும்."

"கொழந்தைங்க இருக்குமோ?"

"அந்த வீட்ல இந்நேரம்..." என்று ஞானமேரி ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அமலதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெகதீசன் வண்டியை விரட்டினான்.

செங்கல்பட்டு ஏரிக்கரையில் ஞானமேரியின் சிலிண்டர் முள் சிவப்புக்கு இறங்கிவிட்டது. அவசரத்தில் நிறைந்ததை விட்டுவிட்டுத் தீர்ந்துகொண்டிருந்ததை எடுத்து வந்திருந்தார் அமலதாஸ். பாண்டுரங்கன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி டிக்கியைத் திறந்தான். பிரபாவதிக்கென்று வைத்திருந்த மாற்று சிலிண்டரை எடுத்து வந்து, மண் ஒட்டிய காலோடு ரோட்டோரம் மண்டியிட்டு, சாவி போட்டு முறுக்கி, குழாயைப் பொருத்தி, காற்று வருகிறதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு ஞானமேரியின் மூக்கில் மாட்டினான்.

"மெதுவா இழுங்கக்கா" என்றான். அவளை அக்கா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். சித்ரா வாசலிலேயே நின்றிருந்தாள். ஒரே காரிலிருந்து இரண்டு பேரும் இறங்கியதைப் பார்த்து ஒரு நொடி திகைத்தாள். கேட்க நேரமில்லை. இரண்டு தள்ளுநாற்காலிகள் இரண்டு பக்கம் போயின. ஞானமேரிக்குச் செய்ததையெல்லாம் பிரபாவதிக்கும் செய்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் மருந்து தடவினார்கள், பச்சை அங்கி மாட்டினார்கள். அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஞானமேரிக்குக் காய்ச்சல் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. இருக்கட்டும் என்றும், இருக்கக் கூடாது என்றும் மனசு இரண்டு பக்கமும் போய் வந்தது. இரண்டுமே தன்னுடைய மனசுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விடிந்ததும் சித்ரா வந்தாள். "வெச்சாச்சும்மா. நல்லா வேலை செய்யுது. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

பாண்டுரங்கன் தலையை ஆட்டினான். பிரபாவதி எழுந்து உட்கார்ந்தாள்.

"மேடம், அவங்க வராம இருந்திருந்தா எவ்ளோ நேரம் பாத்திருப்பீங்க?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"தெரிஞ்சிக்கத்தான்."

சித்ரா பாண்டுரங்கனைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். "ரொம்ப நேரம் பாக்க முடியாது. உங்களை உள்ள கூட்டிப் போயிருப்போம்."

"சரி" என்றாள் பிரபாவதி.

கேண்டீனில் பொங்கல் சாப்பிட்டாள். நல்ல பசி. வடையும் சாப்பிட்டாள். மதுராந்தகம் ஏரி வந்தபோது அழுகை வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபமும் கூட வந்தது. பாண்டுரங்கன் பின்சீட்டுக்கு வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நிறுத்தியிருக்கக் கூடாது என்று அவன் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனபோது, பிடுங்கின செடியையெல்லாம் ஆட்களே கட்டிக் களத்தில் சேர்த்திருந்தார்கள்.

கோடை போய், ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்தது. ஞானமேரியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகை வீட்டில் தங்க வைத்திருந்து, ஆவணியில்தான் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். பிரபாவதிக்கு இப்போது உட்கார்ந்திருந்தாலே நாலு லிட்டர் வேண்டியிருந்தது. உங்கள் ரத்த வகையில் இனி நீங்கள்தான் முன்னால் என்று சித்ரா சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று பாண்டுரங்கனுக்குத் தெரியவில்லை.

தூறல் விட்ட ஒரு மதியம் திண்டிவனம் ரோஷணையில் இருந்த ஞானமேரியின் வீட்டுக்குப் போனார்கள். அமலதாஸ் வாசலிலேயே மறித்து, இரண்டு பேர் கையிலும் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வைத்து, புது முகமூடி கொடுத்துத்தான் உள்ளே விட்டார். சுண்ணாம்பு அடித்த சின்ன அறை. ஞானமேரி நாற்காலியிலிருந்து தானே எழுந்து வந்தாள். மூக்கில் குழாய் இல்லை. மாத்திரையில் முகம் உப்பியிருந்தது. கை லேசாக நடுங்கியது.

பிரபாவதி உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "வலிக்குதா? தூக்கம் வருதா? உள்ள வேற ஆளுது இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியாது. மொத நாளு முழிச்சப்போ பயமா இருந்துச்சு. நான் இழுக்கல, காத்து அதுவே உள்ள போவுது. யாரோ ஊதறாங்கன்னு நெனச்சேன்." ஞானமேரி வெட்கப்பட்டாற்போலச் சிரித்தாள். இருமல் வரவில்லை. "இப்ப தோச தின்னுக்கினே பேசறேன்டி. இவரு வாய மூடிக்கினு தின்னுன்றாரு."

"யாருதுன்னு சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்களாம். தெனம் ஒரு ஜெபம் சொல்றேன், பேரு இல்லாம."

அதற்குமேல் பிரபாவதி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாண்டுரங்கனுக்கு அது புதிதாக இருந்தது. பிறகு சிலிண்டர் பையை இழுத்துக்கொண்டு ஞானமேரியின் நாற்காலிக்குப் பின்னால் போனாள்.

"எக்கா, கொஞ்சம் குனிஞ்சி உக்காருங்க."

"பிரபாம்மா, கிட்ட போவக் கூடாதுன்னு டாக்டரு..." என்று அமலதாஸ் எழுந்தார். ஞானமேரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

பிரபாவதி முகமூடியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ஞானமேரியின் முதுகில் காதை வைத்தாள். முன்பு பிரபாவதியின் முதுகில் டாக்டர் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, காய்ந்த இலையை மிதிப்பதுபோல் சத்தம் வருகிறது என்று மாணவர்களுக்குச் சொன்னது அவளுக்குத் தெரியும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. காற்று உள்ளே போனது. ஒரு தடையும் இல்லாமல், வெகு தூரம் போனது. நின்றது. திரும்பி வந்தது. தன் காதுக்கு அந்தப் பக்கம், பெயர் தெரியாத ஒரு பெண் நிதானமாக இருப்பதுபோல் இருந்தது.

"இன்னாடி கேக்குது?" என்றாள் ஞானமேரி.

"பேசாதீங்க" என்றாள் பிரபாவதி, கண்ணை மூடிக்கொண்டு. "இன்னொரு தரம் இழுங்க."